218 கிலோ வண்டியின் முன் சக்கரம் ஏன் எழ மாட்டேன் என்கிறது?

இரட்டைச்சிலிண்டர்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 இருக்கிறது. வாங்கி ஒன்றரை வருஷம், 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் நண்பனின் கேடிஎம் டியூக் 390 ஓட்டிப் பார்த்தேன். முதல் கியரில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி முறுக்கியதுமே முன்பக்கம் லேசாகி, ஹேண்டில் கையில் மிதப்பது போல ஆகிவிட்டது. பயந்து விட்டுவிட்டேன். என் வண்டியில் அதே முறுக்கு முறுக்கினால் சத்தம் வருகிறது, வேகம் வருகிறது, முன் சக்கரம் மட்டும் தரையோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

373 சிசி தூக்குகிறது, 648 சிசி அசையவில்லை. எடைதான் காரணமா? முன் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடுகிற முன் பல் சக்கரத்தை, மாற்றினால் எழுமா? அறிவுரை வேண்டாம், காரணம் வேண்டும்.

மேடவாக்கம் மணி:

அறிவுரை வேண்டாம் என்று ஆரம்பிக்கிற இழையில்தான் நாற்பது அறிவுரை வந்து விழும். சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

கணக்குவாத்தியார்:

தம்பி, காரணம்தானே வேண்டும்? சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எடை அதிகம், அதனால் எழவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. பின் டயர் தரையைத் தொடுகிற இடத்தைக் கதவுக் கீல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியும் நீங்களும் சேர்ந்த எடையின் மையம் அந்தக் கீலுக்கு முன்னால் ஓர் இடத்தில் இருக்கிறது. எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவுக்கு முன்பக்கம் அழுந்தும். அதே மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, வண்டியை முடுக்கும்போது அவ்வளவுக்குப் பின்னால் சாயும். முன்தூரத்தை உயரத்தால் வகுத்தால் வருகிற எண்தான் முன் சக்கரம் எழத் தேவையான முடுக்கம். பூமி இழுக்கிற முடுக்கத்தை 1 ஜி என்று வைத்தால், இத்தனை ஜி வேண்டும் என்று அந்த எண் சொல்லும். கணக்கில் கிலோ இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போய்விடும். நீளமும் உயரமும்தான் மிச்சம்.

உங்கள் வண்டியின் வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கர மையங்களுக்கும் நடுவிலுள்ள தூரம், 1398 மிமீ. எடை மையம் பின் சக்கரத்திலிருந்து சுமார் 67 செமீ முன்னால், தரையிலிருந்து சுமார் 62 செமீ உயரத்தில் என்று எடுத்துக்கொள்வோம். 67-ஐ 62-ஆல் வகுத்தால் 1.08. டியூக் 390 குட்டை, 1357 மிமீ. உட்காரும் இடமும் உயரம். அதற்கு ஏறத்தாழ 1 ஜி போதும்.

இப்போது எஞ்சினால் எவ்வளவு தர முடிகிறது என்று பார்ப்போம். டியூக் 390-இன் முறுக்குவிசை 37 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் முதல் கியரில் பிரைமரி (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகிற பல் சக்கர ஜோடி), கியர், செயின் மூன்றும் சேர்ந்து அதை 21 மடங்குக்குச் சற்று மேல் பெருக்கித் தருகின்றன. இன்டர்செப்டரில் 52 நியூட்டன் மீட்டர், ஆனால் பெருக்கம் 13.5 மடங்குதான். 75 கிலோ ஆளை ஏற்றி, டயர் ஆரத்தால் வகுத்து, மொத்த எடையால் வகுத்தால் டியூக்குக்கு 1 ஜியும் ஒரு பிடியும் வருகிறது. உங்களுடையதற்கு 0.75 ஜி. வேண்டியது 1.08, இருப்பது 0.75. எழாது.

எடை இந்தக் கடைசிப் படியில்தான் உள்ளே வருகிறது, எஞ்சினின் பலத்தைப் பங்கு போட்டுத் தின்கிற ஆளாக. 212 கிலோ கவாசாகி இசட்900-ஐப் பாருங்கள். உங்கள் வண்டியைவிட 6 கிலோதான் குறைவு, வீல்பேஸ் 1450-ஐ ஒட்டியது. ஆனால் 98.6 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் 1.4 ஜி வரும். அது கனமான வண்டி என்று முன் சக்கரத்துக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை.

இரட்டைச்சிலிண்டர்:

வாத்தியாரே, நன்றி. இப்படி யாரும் சொன்னதில்லை. அப்போது ஸ்ப்ராக்கெட்?

கணக்குவாத்தியார்:

முன்னால் 15 பல் இருக்கிறது. 14 ஆக்கினால் 7 சதவீதம் கூடும். 0.75 என்பது 0.8 ஆகும். இன்னும் எட்டாது. நெடுஞ்சாலையில் எப்போதும் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகக் கத்துவதுதான் கைக்கண்ட பலன்.

இதே எஞ்சின்தான் சூப்பர் மீட்டியார் 650-இலும். அங்கே 241 கிலோ, 1500 மிமீ வீல்பேஸ், சீட் உயரம் 740 மிமீ. மூன்றுமே எதிர்ப்பக்கம். ட்ரையம்ப் ராக்கெட் 3-க்கு 1677 மிமீ, ஆனால் அதில் 2458 சிசி எஞ்சினும் 221 நியூட்டன் மீட்டரும் இருக்கின்றன. அது வேறு ஜாதி.

கொங்கு ரைடர்:

வாத்தியார் சொன்னது வெறும் ஆக்ஸிலேட்டருக்கு உண்மை. கிளட்சைச் சேர்த்தால் கதை வேறு. அண்ணே, இன்டர்செப்டரின் முன் சக்கரம் எழும். எழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிளட்சைப் பாதி பிடித்து ஆர்பிஎம்மை ஏற்றிவிட்டு விடுகிறீர்கள். அப்போது சுற்றிக்கொண்டிருக்கிற கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழல் தண்டில், சேர்ந்து நிற்கிற வேகம் மொத்தமும் ஒரே இழுப்பில் பின் சக்கரத்துக்குப் போகிறது. அந்த அரை நொடிக்கு 52 நியூட்டன் மீட்டர் என்ற கணக்கு செல்லாது. எஞ்சின் தொடர்ந்து தர முடியாததை கிராங்க் ஒரு தடவை தரும். முன் ஃபோர்க்கை (முன் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் குழாய்களை) அமுக்கி, அது திரும்பி எழுகிற நேரத்தில் கிளட்சை விட்டால் இன்னும் சுலபம். ஸ்டண்ட் பையன்கள் 150 சிசி வண்டியைத் தூக்குவது இப்படித்தான், பலத்தினால் இல்லை.

நான் ஆறு வருஷம் கோவையில் ஒரு ஸ்டண்ட் குழுவில் இருந்தேன். பழைய 220 சிசி வண்டி. பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஸ்ப்ராக்கெட். ஐட்லிங்கை ஏற்றி வைத்திருப்போம். பின் டயரில் காற்று பாதிதான். கவிழ்ந்தால் தாங்க வண்டியைச் சுற்றிக் கூண்டு, மல்லாந்தால் தரையில் ஊன்றப் பின்னால் ஒரு பார். பின் பிரேக்குக்கு இடது கையில் தனி லிவர். இத்தனையும் போட்ட பிறகுதான் குரு எங்களை ஏறவே விட்டார்.

முதல் மூன்று வாரம் அவர் முன் சக்கரத்தைத் தூக்கச் சொல்லவே இல்லை. ஒரு ஜாண் எழும்பியதும் பின் பிரேக்கைத் தொடு, அவ்வளவுதான். எழும்பு, தொடு. எழும்பு, தொடு. சலித்துப்போகும். கால் யோசிக்காமல் பிரேக்குக்குப் போகிற வரைக்கும் அதே. பின்னால் சாய்ந்துவிடுவோம் என்ற பயம் வருகிற கணத்தில் மனுஷன் இயல்பாகச் செய்வது ஹேண்டிலை இறுகப் பிடிப்பது. இறுகப் பிடித்தால் ஆக்ஸிலேட்டர் இன்னும் கூடும். கூடினால் இன்னும் எழும். அந்தச் சுழலை வெட்டுவது வலது கால் மட்டும்தான்.

இன்டர்செப்டரில் நான் செய்ய மாட்டேன். ஏனென்று கேட்டால், தூக்குகிற பக்கத்தில் பிரச்சினை இல்லை.

மேடவாக்கம் மணி:

பின் பிரேக் தொட்டால் எப்படி முன்பக்கம் இறங்கும்? பிரேக் பிடித்தால் வண்டி நிற்கத்தானே செய்யும்?

கொங்கு ரைடர்:

மணி, வண்டியின் வேகம் குறைகிறது. மேலே இருக்கிற எடை முன்னால் போகப் பார்க்கிறது. கீல் பின் டயரில் இருக்கிறது. முன்பக்கம் மடங்கி இறங்குகிறது. பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் சாய்கிறார்களே, அதேதான்.

கணக்குவாத்தியார்:

கொங்கு தம்பி கிளட்ச் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இதை எழுதாமல் விட்டால் நான் எழுதிய முதல் பதிவே ஆபத்து.

முன் சக்கரம் எழ எழ, எடை மையம் பின்னாலும் மேலேயும் போகிறது. அதனால் அதை மேலே வைத்திருக்கத் தேவையான முடுக்கம் குறைந்துகொண்டே வரும். இன்டர்செப்டர் கணக்கில் தரையை விட்டுக் கிளம்ப 1.08 ஜி. பத்து டிகிரி எழுந்துவிட்டால் 0.76 போதும். இருபது டிகிரியில் 0.5. நாற்பத்தேழு டிகிரிக்குப் பக்கத்தில் பூஜ்யம். அதுதான் சமநிலைப் புள்ளி, அதைத் தாண்டினால் ஆக்ஸிலேட்டரே இல்லாமல் பின்னால் விழும்.

உங்கள் எஞ்சின் தருவது 0.75. அதாவது கிளட்சால் எப்படியாவது முதல் பத்து டிகிரியைத் தாண்டவைத்துவிட்டால், அதற்கப்புறம் ஆக்ஸிலேட்டரே தாராளம். முழுக்க முறுக்கி வைத்த கை அப்படியே இருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் மிச்ச பலம் கூடும், எழுகிற வேகமும் கூடும். வரவே மாட்டேன் என்று அடம்பிடித்த வண்டி, வந்த பிறகு நில்லென்றால் நிற்காது. நாலைந்து தடவை முயன்று எழாத கோபத்தில் கிளட்சைப் பட்டென்று விடுகிறவர்கள் மல்லாந்து விழுவது இப்படித்தான்.

யாழ்_குரோய்டன்:

வணக்கம் அண்ணைமார். நான் லண்டனுக்குப் பக்கத்தில். இங்கே முன் சில்லைத் தூக்கப் பழக்குவதற்கென்றே ஒருநாள் வகுப்புகள் இருக்கின்றன, பழைய விமான ஓடுபாதைகளில் நடக்கும். மனைவி பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தா. (என்ன நினைத்து வாங்கித் தந்தா என்று இன்னும் விளங்கவில்லை.)

அவர்களின் மோட்டார் சைக்கிளில் ஒரு கருவி பூட்டியிருந்தது. குறித்த கோணத்துக்கு மேலே போனால் எஞ்சினின் தீப்பொறியை நிறுத்திவிடும். காலையில் அந்தக் கோணத்தை மிகக் குறைவாக வைத்தார்கள், கை பழகப் பழக ஏற்றினார்கள். பின்னால் விழ மாட்டோம் என்று தெரிந்ததும் உடம்பு தளர்ந்துவிடும், தோள் தளர்ந்தால்தான் கை சரியாக வேலை செய்யும் என்று பயிற்சியாளர் சொன்னார். பின்னேரம் நான் ஐம்பது மீற்றர் போனேன். வீடியோ இருக்கிறது. அதில் ஐந்து மீற்றர் மாதிரித்தான் தெரிகிறது.

கொங்கு அண்ணை சொன்ன பின் பிறேக் கதைதான் அங்கேயும் முதல் பாடம். இன்னொன்று, இறக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடக்கூடாது என்றார்கள். மூடினால் முன்பக்கம் கல் மாதிரி விழும். கொஞ்சம் இழுவை வைத்துக்கொண்டே இறக்கவேண்டும். முன் சில்லு நேரே பார்த்தபடி தரையைத் தொடவேண்டும். சற்றுக் கோணலாகத் தொட்டால் ஹேண்டில் இரண்டு பக்கமும் உதறத் தொடங்கும். எனக்கு ஒருமுறை உதறியது. அன்றைக்குக் கோயிலுக்கு நேர்ந்தது இன்னும் பாக்கி.

சட்டப்புலி:

நம் ஊரில் அப்படி ஒரு வகுப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன், அறிவுரையாக இல்லாமல் விலைப்பட்டியலாகப் படியுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு, ஆபத்தாக ஓட்டுவது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொதுவழியில் கண்மூடித்தனமாக ஓட்டுவதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281. எஃப்ஐஆரில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். செய்தித்தாளில் "வீலிங் சாகசம்" என்று போடுவார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது.

அபராதம் சின்னது என்று நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பாலுசெட்டிச்சத்திரத்தில் சுசுகி ஹயபுசா பைக்கோடு விழுந்த யூடியூபர் கதை எல்லாருக்கும் தெரியும், பெயர் வேண்டாம். கை முறிந்தது. கைதானார். ஜாமீன் கிடைக்க நவம்பர் ஆனது. லைசென்ஸ் பத்து வருஷத்துக்குப் போனது. அபராதத் தொகையை அந்தக் கதையில் யாரும் கேட்கவே இல்லை.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி. பாலிசியில் எந்தப் பயன்பாட்டுக்குக் காப்பீடு என்ற இடத்தைப் படித்துப் பாருங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டிருக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் போய்ச் செய்தால் போலீஸ் தொல்லை இருக்காது, ஆனால் வண்டிச் செலவு உங்களுடையது.

நெறியாளர்:

இந்த இழை நன்றாகப் போகிறது, அதனால் மூடவில்லை. எந்தச் சாலை காலி, எத்தனை மணிக்கு காலி என்று எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்களுக்குத் தெரியும்.

எலக்ட்ரானிக்ஸ் எழில்:

இன்டர்செப்டரில் டிராக்ஷன் கன்ட்ரோல் இல்லை, அதனால் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. பெரிய வண்டி வைத்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

சாதாரண டிராக்ஷன் கன்ட்ரோலுக்கு முன் சக்கரம் எழுந்தது என்று தெரியாது. பின் சக்கரம் வேகமாகவும் முன் சக்கரம் மெதுவாகவும் சுற்றுகிறது என்று மட்டும்தான் தெரியும். டயர் வழுக்குகிறது என்று முடிவு கட்டி பலத்தை வெட்டிவிடும். வெட்டினால் என்ன ஆகும்? யாழ் அண்ணா சொன்ன கல்தான். நாமே ஆக்ஸிலேட்டரை மூடியது போலத்தான்.

உண்மையில் வண்டி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அறிய ஐஎம்யூ, அதாவது சாய்வையும் அசைவையும் அளக்கிற சென்சார், வேண்டும். 2015 யமஹா ஆர்1-இல் ஆறு அச்சு ஐஎம்யூ வந்தது, முன் சக்கரம் எழுவதை அடக்கத் தனி அமைப்பும் கூடவே. 2021-இல் வந்த 264 கிலோ ஹயபுசாவில் அதற்குப் பத்து நிலைகள் உண்டு. எழவே விடாமல் அடிப்பதற்காக மட்டும் இல்லை. கொஞ்சம் எழுந்தால் கொஞ்சமாகக் குறைத்து மெல்ல இறக்குவதற்குத்தான். பந்தயத்தில் முன் சக்கரம் எழுவது நேர நஷ்டம், அந்தக் கவலையில் பிறந்தது இது. தெருவில் அதை அணைத்துவிட்டுப் படம் எடுக்கிறார்கள், வேறென்ன சொல்ல.

இன்னொன்று. காற்றில் இருக்கும்போது முன் சக்கரம் மெதுவாகி நின்றுவிட்டால் சில வண்டிகளில் ஏபிஎஸ் விளக்கு எரியும். ஒரு சக்கரம் ஓடுகிறது, ஒரு சக்கரம் நிற்கிறது, சென்சார் பழுது என்று அது நினைத்துக்கொள்ளும். பெரும்பாலும் சாவியை அணைத்துப் போட்டு, சிறிது தூரம் ஓட்டினால் சரியாகும். அதுவரை ஏபிஎஸ் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய பெட்ரோல்:

நடுவில் குறுக்கிடுகிறேன். இதெல்லாம் இன்றைக்கு வந்த பைத்தியம் என்று நினைக்காதீர்கள். 1984-இல் அமெரிக்காவில் டக் டொமோகோஸ் என்பவர் டாலடேகா பந்தயத் தடத்தில் ஒரே சக்கரத்தில் 145 மைல் போனார். 1991-இல் ஜப்பானில் யசுயுகி குடோ அதைத் தாண்டி 331 கிலோமீட்டர். குடோவுடையது 216 சிசி ஹோண்டா ட்ரையல்ஸ் வண்டி, கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும். கனமான தெரு வண்டியில் என்றால் 1999-இல் ஸ்வீடன்காரர் பாட்ரிக் ஃபூர்ஸ்டன்ஹாஃப். டர்போ பூட்டிய ஹோண்டா பிளாக்பேர்ட், இங்கிலாந்தில் பிரன்டிங்தார்ப் ஓடுபாதை, முன் சக்கரம் காற்றில் இருக்க மணிக்கு 307.86 கிலோமீட்டர். எனக்கு அந்த வேகத்தில் இரண்டு சக்கரமும் தரையில் இருந்தாலே வயிறு கலங்கும்.

தூரத்துக்குச் சின்ன வண்டி, வேகத்துக்குப் பெரிய வண்டி. இதிலேயே இரட்டைச்சிலிண்டர் தம்பிக்குப் பதில் பாதி இருக்கிறது.

புதுப்பேட்டை பாய்:

எல்லாரும் படித்தவர்கள், நான் ஸ்பானர் பிடித்தவன். இருபத்திரண்டு வருஷமாகக் கடை. ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி. முன் சக்கரம் எழவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். வண்டி 14,000-இல் இருக்கிறது. ஹேண்டிலை இடமிருந்து வலம் மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் டக்கென்று உட்காருகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், வீலிங் அடித்த வண்டி கடைக்கு வந்தால் பையன் வாயைத் திறக்கும் முன் வண்டி சொல்லிவிடும். முதலில் கோன் செட், ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங். முன்பக்கம் ஓங்கி விழும்போது அந்தக் குண்டுகள் எல்லாம் கிண்ணத்தில் குத்திக் குழி போட்டுவிடும். ஹேண்டில் நேராக இருக்கும்போதுதானே விழுகிறது, அதனால் குழியும் நேர் நிலையிலேயே இருக்கும். திருப்பினால் நடுவில் மட்டும் பிடிக்கும். எத்தனை இறுக்கினாலும் போகாது, மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம் ஃபோர்க் ஆயில் சீல். பைப்பில் மெல்லிய வளையமாக எண்ணெய் நிற்கும், அதில் தூசி ஒட்டும். சீல் மாற்றினாலும் மறுபடி ஒழுகினால் பைப் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றி கண்ணாடிமேல் உருட்டிப் பார்ப்போம். கம்பி வீல் என்றால் ரிம் ஆடும், பெண்ட் எடுக்க வேண்டும். பின் சக்கரத்தில் செயின் இழுப்பின் அதிர்ச்சியை வாங்குகிற கப்ளிங் ரப்பர் நைந்து போயிருக்கும், கியர் போட்டதும் டொக் என்று ஒரு சத்தம். கிளட்ச் பிளேட் நீலம் பாய்ந்திருக்கும், வாசனையே வேறு.

பெரிய வண்டிக்காரர்கள் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும்போது கீழே இருக்கிற ஆயில் எல்லாம் பின்பக்கம் ஓடிவிடும். பம்ப் உறிஞ்சுகிற இடம் காலியாகிக் காற்றைக் குடிக்கும். நொடி இரண்டு நொடிக்கு ஒன்றும் ஆகாது. தெருமுனை வரைக்கும் ஒரே சக்கரத்தில் போகிறவன் எஞ்சினுக்குள் என்ன காய்கிறது என்று யோசிப்பதில்லை. ஸ்டண்ட் வண்டிக்காரர்கள் ஆயிலைக் கொஞ்சம் கூட ஊற்றி ஓட்டுவது அதனால்தான்.

கணக்குவாத்தியார்:

பாய் சொன்ன ஓங்கி விழுவதற்கு ஒரு எண் தருகிறேன். முதல் பதிவில் கிலோ வெட்டுப்பட்டுப் போகும் என்றேன் அல்லவா? இறங்கும்போது வெட்டுப்படாது. முழுசாக வந்து உட்காரும்.

முப்பது டிகிரி எழுந்த நிலையில், முன் சக்கரம் தரையிலிருந்து 70 செமீ இருக்கும். அங்கே ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டால், இன்டர்செப்டரும் 75 கிலோ ஆளும் சேர்ந்து சேமித்திருக்கிற ஆற்றல் சுமார் 720 ஜூல். அதை வாங்க முன் ஃபோர்க்கில் இருக்கும் தூரம் 110 மிமீ. வகுத்தால் சராசரியாகவே 670 கிலோ, அதற்குமேல் வழக்கமாகச் சுமக்கிற பளு. முக்கால் டன்னுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூக் 390-க்கு அதே கணக்கு சுமார் 560 ஜூல், ஃபோர்க்கில் 142 மிமீ. 670-க்குப் பதில் 400 கிலோ. பாதிக்குச் சற்று மேல்.

ஃபோர்க் கடைசிவரை அமுங்கி அடிபட்டால் இந்தச் சராசரி எல்லாம் செல்லாது. உச்ச விசை இதைவிட எங்கோ போகும். அதை வாங்குவது பாய் சொன்ன குண்டுகள்.

கொங்கு ரைடர்:

நான் மேலே சொன்ன "தூக்குகிற பக்கத்தில் பிரச்சினை இல்லை" என்பது இதுதான். வாத்தியாரிடம் எண் இருக்கிறது, என்னிடம் மணிக்கட்டு வலி இருக்கிறது.

மேடவாக்கம் மணி:

இரட்டைச்சிலிண்டரைக் காணோமே. பாய் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

இரட்டைச்சிலிண்டர்:

சரி. சொல்லிவிடுகிறேன்.

முதல் பதிவில் முழு உண்மை எழுதவில்லை. ஆக்ஸிலேட்டரை மட்டும் முறுக்கினால் எழவில்லை என்பது உண்மை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வீடியோ பார்த்துவிட்டு கிளட்சும் முயன்றேன். ஊருக்கு வெளியே வீடு வராத ஒரு மனைப் பிரிவு, காலை ஐந்தரை மணி. ஏழெட்டுத் தடவை ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதாவது தடவை கடுப்பில் கிளட்சை அப்படியே விட்டேன். வாத்தியார் எழுதியதை நேற்று படித்தபோது கை சில்லிட்டது, ஏனென்றால் அச்சு அசல் அதேதான் நடந்தது. வராமல் இருந்தது, வந்தது, பிறகு நிற்கவில்லை. வானம் மட்டும் தெரிந்தது. பின் பிரேக் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. ஆக்ஸிலேட்டரை மூடினேன். விழுந்த சத்தத்தில் நாய்கள் எழுந்துவிட்டன. நான் விழவில்லை, வண்டியும் விழவில்லை, எப்படி என்று தெரியவில்லை.

எடை குறைவான வண்டியில் எழுவது சுலபமா என்று கேட்க வந்தவன் போல இழை ஆரம்பித்தேன். உண்மையில் தெரிந்துகொள்ள நினைத்தது, அன்றைக்கு அது ஏன் அப்படித் திடீரென்று வந்தது என்பது.

பாய், ஹேண்டில் நடுவில் டக்கென்று உட்காருகிறது. இடது ஃபோர்க்கில் எண்ணெய் வளையமும் இருக்கிறது. வலதில் இல்லை. 60-க்கு மேல் போனால் கையில் லேசான நடுக்கம்.

யாழ்_குரோய்டன்:

தம்பி, முதலில் நீங்கள் முழுசாக இருக்கிறீர்கள், அது காணும். அந்த நடுக்கத்தோடு வேலைக்குப் போய்வராதேங்கோ.

சட்டப்புலி:

மனைப் பிரிவுச் சாலையும் பொதுமக்கள் போக வழியிருந்தால் பொது இடம்தான். சும்மா தகவலுக்கு.

மேடவாக்கம் மணி:

சுண்டலைக் கீழே வைத்துவிட்டேன். தம்பி, வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதே. என்னிடம் தெரிந்த டாட்டா ஏஸ் இருக்கிறது, சொல்.

புதுப்பேட்டை பாய்:

ஒரு பக்கம் மட்டும் ஒழுகினால் பைப் வளைவு இருக்கலாம், சும்மா சீல் மட்டும் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. பார்க்காமல் சொல்ல மாட்டேன். கோன் செட் மாற்றம் நிச்சயம். முன் ரிம்மும் கம்பியும் பார்க்க வேண்டும், கப்ளிங் ரப்பரையும் கையோடு பார்த்துவிடலாம். கிளட்ச் பிளேட்டை ஒன்பது தடவை சுட்டிருக்கிறாய், அதையும் திறந்து பார்ப்போம்.

மணி அண்ணன் வண்டியில் ஏற்றி சனிக்கிழமை பத்து மணிக்கு அனுப்பு. நீயும் வா. முன் சக்கரத்தை நான் தூக்குகிறேன், அடியில் ஜாக் போட்டு.